ஃபைனலில் தெரிந்த இரண்டாவது நிழல்

தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மந்தைவெளி, மயிலாப்பூர் மொட்டைமாடிகளில் நின்றால், கடல் பக்கமிருந்து விமானங்கள் வரிசைகட்டி வருவதைப் பார்க்கலாம். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதையில் கிழக்கிலிருந்து இறங்கும் வழி இது. மயிலாப்பூருக்கு மேல் ஏறத்தாழ 1,500 அடி. கிண்டி வரும்போது அதில் பாதிகூட இருக்காது. “இப்படி ஒண்ணு பின்னால ஒண்ணு வர்றதே, மோதிக்காதா சார்?” என்று எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி அடிக்கடி கேட்பார்.

அந்த வரிசையில் பயம் குறைவு. தரையில் ரேடாரைப் பார்த்து இடைவெளி வைக்கிறார்கள். விமானத்துக்குள்ளேயே ‘டிகாஸ்’ என்னும் மோதல் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கருவியை இங்கே கட்டாயமாக்கினார்கள். இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்களின் உலகம் வேறு. அங்கே பெரும்பாலும் கண்ணும் ரேடியோவும்தான் காவல்.

பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற நான், இப்போது தி.நகரில் ஒரு மாடியறையில் சி.பி.எல். என்னும் வணிக விமானி உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நேவிகேஷன் பாடம் எடுக்கிறேன். 2025 ஜூலை 8 அன்று கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஸ்டைன்பாக் அருகே இரண்டு பயிற்சி செஸ்னாக்கள் மோதின. ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்த இரண்டு மாணவர்களும் இறந்துபோனார்கள். ஒருவர் கேரளத்துப் பிள்ளை. இரண்டு விமானங்களிலும் ரேடியோ இருந்தது. அந்த வாரம் வகுப்பில் பாடம் ஓடவில்லை. “ரேடியோ இருந்தும் எப்படி சார்?” என்பதே எல்லோர் கேள்வியும். என் பயிற்சிக் காலத்தில் நடந்ததைச் சொன்னேன்.

ஊர்ப்பெயர் வேண்டாம்; ரேடார் இல்லாத சின்ன விமானத்தளம். ஓடுபாதையை ஒட்டிச் செவ்வகமாகச் சுற்றுவதை சர்க்யூட் என்போம். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட், குறுக்கே திரும்புவது பேஸ், நேராக இறங்க வருவது ஃபைனல். செஸ்னா 152-இல் நான் இடது இருக்கையில், இன்ஸ்ட்ரக்டர் வலது இருக்கையில். மேகமே இல்லாத காலை. ஃபைனலில் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தோம். இடப்பக்க வெயிலில் எங்கள் நிழல் வலப்பக்க வயல்களில் ஓடிவந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு நிழல், எங்களுடையதைவிட வேகமாக.

அவர்தான் முதலில் பார்த்தார். நான் ஓடுபாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்த மாணவனும் எடுக்கமாட்டான். கண்ட்ரோலைக் கையில் வாங்கிக்கொண்டு, “ஏறாதே” என்று மட்டும் சொன்னவர், உயரம் கூட்டாமல் வலப்பக்கம் திருப்பினார். நிமிர்ந்தபோது இடப்பக்கம் மேலே, தாழ்ந்த இறக்கை கொண்ட ஒரு விமானத்தின் அடிவயிறு. அதில் வழிந்திருந்த எண்ணெய்க் கறைகூடத் தெரிந்தது. அது அமைதியாகப் போய் இறங்கியது. நாங்கள் அங்கே இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. கீழே எல்லாம் தெரியும், மேலே தெரியாது. தாழ்ந்த இறக்கை விமானத்துக்குக் கீழே தெரியாது. முன்னது கீழும் பின்னது மேலுமாக ஃபைனலில் வந்தால் இருவருமே குருடர்கள். தாழ இருப்பவருக்கே இறங்க முன்னுரிமை என்கிறது விதி. மேலே இருப்பவர் கண்ணில் படாதபோது அந்த முன்னுரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ரேடியோ கதை இன்னும் மோசம். நாங்கள் ஃபைனல் என்று அறிவித்த அதே வினாடியில் அவர்களும் தூரத்திலிருந்து நேராக வருவதாக அறிவித்திருக்கிறார்கள். ஒரே அலைவரிசையில் இருவர் சேர்ந்து பேசினால் மூன்றாமவர் காதில் ‘கீச்’ என்ற சத்தம்தான் விழும். பேசிய இருவருக்கும் எதுவும் கேட்காது. தங்கள் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்றே இருவரும் நினைப்பார்கள். அதனால் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது: அந்தக் கீச்சுச் சத்தம் கேட்கிற மூன்றாமவர் நீங்களாக இருந்தால், சும்மா இருக்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து பேசினார்கள், திரும்பச் சொல்லுங்கள் என்று உடனே சொல்லுங்கள்.

பேச்சு கேட்டுவிட்டால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிபோர்னியாவின் வாட்சன்வில் விமானத்தளத்தில் ஒரு செஸ்னா 152 மீது இரட்டை எஞ்சின் விமானம் மோதி மூன்று பேர் இறந்தார்கள். இருவருமே தங்கள் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். பின்னால் வந்தது நேராக, மிக வேகமாக வந்தது. சின்ன விமானத்தின் விமானி ஆபத்தைப் புரிந்துகொண்டு விலக முயன்றபோது நேரம் கடந்திருந்தது. எதிரே வருவதைக் கண்டு, புரிந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பி முடிக்கச் சுமார் 12.5 வினாடி ஆகும் என்பது அமெரிக்க விமானத்துறையின் கணக்கு.

ஆகவே பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் முன் ஓடுபாதை இருக்கும் பக்கம் மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு எதிர்ப்பக்கம், நேராக இறங்க வருபவரின் பாதையையும் பாருங்கள். வானத்தைப் பத்துப் பத்து டிகிரியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு வினாடியாவது கண்ணை நிறுத்துங்கள். வேகமாக ஓடும் கண்ணில் எதுவும் படாது. கண்ணாடியில் நகர்கிற புள்ளி உங்களைக் கடந்து போய்விடும். நகராமல் ஒரே இடத்தில் நின்று பெரிதாகிறதே, அதுதான் உங்கள் மேல் வருவது. லஸ் கார்னரில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும்: சந்திலிருந்து வரும் ஸ்கூட்டர் உங்கள் கண்ணில் ஒரே இடத்தில் நின்றால் பிரேக் போடுவீர்கள்.

சந்தேகம் வந்தால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி சுற்றி வருவது. ஆனால் எங்கள் விஷயத்தில் வழக்கம்போல மூக்கைத் தூக்கி ஏறியிருந்தால் நேராக அந்த வயிற்றில் போய் முட்டியிருப்போம். ஆபத்து எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் விலகும் திசை. 2025 ஆகஸ்ட் 10 இரவு திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி சென்ற ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பப்பட்டு, முதல் முயற்சியில் இறங்காமல் மேலேறியது நினைவிருக்கலாம். ஓடுபாதையில் இன்னொரு விமானம் நின்றதாக அதில் பயணித்த கே.சி. வேணுகோபால் எம்.பி. சொன்னார், நிறுவனம் அதை மறுத்தது. அந்த வாதம் எப்படியோ போகட்டும், இறங்காமல் மேலேறுவதை மக்கள் தோல்வியாகவே பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மாணவனும் அப்படித்தான் நினைக்கிறான். பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் குறிப்பெடுக்கிறார் என்ற வெட்கத்தில் இறங்கப் பார்க்கிறான்.

என்னிடம் வரும் பெற்றோர் பலர் வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்புகிறவர்கள். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் கேட்கிறார்கள். இதையும் கேளுங்கள்: ஒரே நேரத்தில் சர்க்யூட்டில் எத்தனை விமானங்களை விடுகிறீர்கள்? கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டா? அக்கம்பக்க விமானங்களைத் திரையில் காட்டும் கருவி பயிற்சி விமானங்களில் இருக்கிறதா? நேராக இறங்க வருபவர்களுக்கும் சுற்றி வருபவர்களுக்கும் என்ன ஒழுங்கு வைத்திருக்கிறீர்கள்? இவற்றுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.