மெஷின் ஒப்பிட ஆரம்பிச்சாச்சு: உங்க ரிட்டர்னுக்கு இனி யார் பொறுப்பு?

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில இருந்து திண்டிவனத்துக்கு ஒரு லோடு போகுதுன்னு வைங்க. பக்கத்து ஊர்தான், ஆனா நடுவுல எல்லை இருக்கு. புதுச்சேரி ஜிஎஸ்டி எண் 34-ல ஆரம்பிக்கும், தமிழ்நாடு 33. அதனால பில்லுல ஐஜிஎஸ்டி வரணும். இதைப் பார்த்துப் பார்த்து எழுதறதுதான் அக்கவுண்டன்ட் வேலையா இருந்துச்சு. இப்போ பார்ட்டியோட எண்ணைப் போட்டதுமே சாஃப்ட்வேர் சொல்லிடுது. வருஷத்துக்கு 5 கோடிக்கு மேல விற்பனை இருக்கிற கம்பெனி, 2023 ஆகஸ்ட் 1-லிருந்து, மத்த கம்பெனிகளுக்குப் போடுற பில்லை அரசு போர்ட்டல்ல பதிஞ்சே ஆகணும். வாங்கினவரோட ஜிஎஸ்டி பக்கத்துல அது தானா போய் உட்காரும்.

1986-ல பெங்களூருல ஆரம்பிச்ச டேலி, பேரேட்டை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வந்துச்சு. ஆனா அதுல பதிய ஆள் தேவைப்பட்டாங்க. இப்போ நடக்கிறது வேற. ஒரே வரவு செலவை ரெண்டு பக்கத்துல இருந்தும் வாங்கி மெஷினே ஒப்பிடுது.

"நான் சம்பளக்காரன், எனக்கென்ன?"ன்னு நினைக்காதீங்க. உங்களுக்கும் அப்படி ஒரு பேரேடு ஓடிக்கிட்டிருக்கு. பேரு ஏஐஎஸ், 2021 நவம்பர்ல வந்தது. சம்பளம், பேங்க் வட்டி, டிவிடெண்ட், வித்த ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அதுல இருக்கும். வருமான வரி போர்ட்டல்ல லாகின் பண்ணி ஒரு தடவை பாருங்க. மறந்துபோன பழைய அக்கவுண்ட் வட்டிகூட கண்ணுல படும்.

இந்த நிலைமையிலயும் "நல்ல ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், அதுல 10% குடுங்க"ன்னு கேட்கிற ஆள் எல்லா ஊர்லயும் இருக்கார். 2023–24 நிதியாண்டுக்கு ஒரு கணக்கு போடுவோம். பழைய வரி முறை, 20% ஸ்லாப். அடிப்படைச் சம்பளம் மாசம் 30,000, ஹெச்ஆர்ஏ 12,000, நிஜ வாடகை 8,000.

வருஷ வாடகை 96,000. அதுல அடிப்படைச் சம்பளத்தோட 10%, அதாவது 36,000 போக மிச்சம் 60,000. வாங்கின ஹெச்ஆர்ஏ 1,44,000. புதுச்சேரிக்கான 40% வரம்பும் 1,44,000. மூணுல குறைஞ்சதுதான் விலக்கு, அப்போ 60,000.

ஏஜென்ட் வாடகையை 15,000-னு போடுறார். விலக்கு 1,44,000 ஆயிடுது. பொய் 84,000 ரூபாய், செஸ்ஸோட மிச்சமாகிற வரி 17,472. வருஷ வாடகை லட்சத்தைத் தாண்டினா வீட்டுக்காரர் பான் வேணும். அவர் யாரோ ஒருத்தர் பானைப் போட்டுடுவார். அந்த பான்காரரோட ரிட்டர்ன்ல வாடகை வருமானமே இல்லைன்னா, அதைக் கண்டுபிடிக்க ஆபீசர் தேவையில்லை.

பொய்த் தகவல்னு முடிவானா பிரிவு 270ஏ-படி அபராதம் வரியில 200%, அதாவது 34,944. வரியும் சேர்த்து 52,416, வட்டி தனி. ஏஜென்ட் வாங்கின 10% திரும்பாது. நோட்டீஸும் அவருக்கு வராது, ஏன்னா ஓடிபி சொன்னது நீங்க.

2025 ஜூலை 14-ல நேரடி வரிகள் வாரியம் நாடு முழுக்க இந்த மாதிரி பொய்க் கழிவுகளைச் சரிபார்க்க இறங்குச்சு. அதுக்கு முந்தின நாலு மாசத்துல மட்டும் ஏறக்குறைய 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவை வாபஸ் வாங்கினதா வாரியமே சொன்னது.

அப்போ சிஏ எதுக்கு? டைப் பண்றதுக்கு இல்லை. ஏஐஎஸ்-ல தப்பு இருந்தா அதை மறுக்கணும், எந்த வரி முறை லாபம்னு பார்க்கணும், எந்தக் கழிவுக்கு ஆதாரம் நிக்கும்னு சொல்லணும். அங்கதான் ஆள் தேவை. இன்னொண்ணு, 1949 சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டப்படி எங்களுக்கு ரீஃபண்ட்ல பங்கு வாங்கவே அனுமதி கிடையாது. யாராவது சதவீதம் கேட்டா, அவர் சிஏ-வே இல்லை, இல்லைன்னா விதியை மீறுறார்.

முந்தைய வருஷத்துல இப்படி ஏதாவது போட்டிருந்தா, அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம். அசெஸ்மென்ட் வருஷம் முடிஞ்சு 48 மாசம் வரைக்கும் டைம். கூடுதல் வரி முதல் 12 மாசத்துல 25%, அப்புறம் வருஷா வருஷம் 50, 60, 70%. நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. இந்த மாசத்துல இருந்து வாடகையை கையில குடுக்காம வீட்டுக்காரர் அக்கவுண்டுக்கே அனுப்புங்க.