பிஸ்டனும் கடுக்காயும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. தாத்தாவின் புல்லட் மாட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “பிளக் ஓட்டை வழியா கோலா ஊத்தி ஒரு ராத்திரி விட்டா ஜாம் விட்டுடும்னு சொல்றாங்க சார். விடலைன்னா டிராக்டர்ல கட்டி நாலாவது கியர்ல இழுத்துடலாம்னு மெக்கானிக் சொல்றார். எது நல்லது?”

இரண்டும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிப்ளமோ முடித்தவன் நீ. நாலு ஸ்ட்ரோக் பாடத்தை இங்கே மறுபடி நடத்தப் போவதில்லை.

எஞ்சின் ஜாம் ஆவதில் இரண்டு வகை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் வற்றியோ சூடேறியோ பிடிப்பது ஒரு வகை. அதில் அலுமினியப் பிஸ்டன் உரசி, உருகி, சிலிண்டரில் அப்பிக்கொள்ளும். வருஷக் கணக்கில் நின்றே பிடிப்பது இன்னொரு வகை. உன் தாத்தா கடைசியாக ஓட்டி வந்து நிறுத்தியபோது வண்டி நன்றாகத்தான் ஓடியது என்கிறாய். அப்படியானால் இது இரண்டாவது வகை. உள்ளே எதுவும் உடையவில்லை, வெறும் துருதான். இப்படி ஒழுங்காக இருக்கும் எஞ்சினை டிராக்டரில் கட்டி இழுத்து உடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இழுக்கிற விசை பின் சக்கரம், செயின், கியர்பாக்ஸ், கிளட்ச், பிரைமரி செயின், கிராங்க், கனெக்டிங் ராடு என்று வரிசையாக வந்து கடைசியில் பிஸ்டனில் முட்டுகிறது. அந்த வரிசையில் எது பலவீனமோ அது முதலில் போகும். பெரும்பாலும் போவது பிஸ்டன் ரிங். வார்ப்பிரும்பு ரிங் வளையாது, பொட்டென்று உடையும். உடைந்த துண்டு சிலிண்டர் சுவரைக் கீறிக்கொண்டே மேலும் கீழும் போகும். கிக்கரில் ஏறி நின்று குதிப்பதும் இதே வேலைதான். முதலில் கிக்கர் ராட்செட்டின் பல் போகும்.

பிடித்திருப்பது எங்கே என்று முதலில் தெரிய வேண்டும். கிக்கர் இறங்கவில்லை என்றால் பிஸ்டன்தான் என்று நீயே முடிவு கட்டிவிடாதே. பிரைமரி கவரைக் கழற்றிச் செயினைப் பார். ராக்கர் மூடிகளைத் திறந்து, வால்வுகள் தண்டோடு துருப்பிடித்து நிற்கின்றனவா என்று பார். எல்லாம் சரியாக இருந்தால் ஹெட்டைக் கழற்று. அது வரவில்லை என்றால் ஃபின்களுக்கு நடுவே ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பாதே. பிளாக் வார்ப்பிரும்பு. ஒரு ஃபின் உடைந்தால் வெல்டிங் செய்து ஒட்டுவது பெரும்பாடு.

பழைய புல்லட்டில் பல மரைகள் பழைய பிரிட்டிஷ் அளவில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். சரியான ஸ்பேனர் செட்டை முதலில் வாங்கிவிடு. டைமிங் பக்கம், ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு ஒன்று இருக்கிறது. அது இடது மரை. அதை வழக்கம்போல் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும், கடைசியில் முறியும். கவரைத் திறந்ததும் அந்த நட்டின் மேல் ஓர் அம்புக்குறி வரைந்து வைத்துவிடு.

இனி துருவுக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்.

இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். எஞ்சின் ஜாம் ஆவதற்கு இதுதான் காரணம். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது எண்ணெய்ப் படலம் மட்டும் நிற்கிற இடம். அங்கே துரு ஊதிப் பெருகி ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிவிடுகிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் உனக்கே தெரியும். பிஸ்டனுக்கு மேலே சிலிண்டர் சுவர் முழுக்க ஆரஞ்சுத் தூளாக இருக்கும், விரலால் தடவினால் வந்துவிடும். பிஸ்டன் விளிம்பை ஒட்டி மட்டும் கரும்பழுப்பில் கெட்டியாக ஒரு வளையம் தெரியும். நகத்தால் சுரண்டினாலும் அது வராது. உன்னோடு மல்லுக்கட்டப் போவது அந்த வளையமும் அதற்குக் கீழே ரிங்குகள் நிற்கும் இடமும்தான். வண்டி நின்றபோது ஏதாவது ஒரு வால்வு திறந்திருந்தால் மழைக்காலத்து ஈரக்காற்று நேராக உள்ளே வந்துபோயிருக்கும். கடலோர ஊர் என்றால் உப்பும் கூடவே வந்திருக்கும்.

கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மைதான். அந்த அமிலம் துருவோடு வினைபுரிந்து இரும்பு பாஸ்பேட்டாக மாறுவதும் உண்மை. ஆனால் கோலாவில் அது துளியூண்டு. மீதியெல்லாம் சர்க்கரையும் தண்ணீரும். தண்ணீர் உள்ளே போய் உண்டான கோளாறுக்கு மறுபடியும் தண்ணீரையே ஊற்றுவதில் என்ன அர்த்தம்? அமிலம் அலுமினியப் பிஸ்டனையும் தின்னும்.

பாஸ்பேட் என்றதும் டெல்லி இரும்புத்தூண் ஞாபகம் வருகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அந்தத் தூணைப் பற்றி எழுதியவற்றை நான் விடாமல் தேடிப் படித்தவன். அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேற்பரப்பில் ஒரு பாஸ்பேட் படலம் உண்டாக வழிசெய்து, சுமார் 1600 வருஷமாகத் தூணைக் காத்து வருகிறது என்பது அவர் ஆராய்ச்சியின் சாரம். துரு என்றாலே எதிரி என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும். சில துரு அரித்துக்கொண்டே உள்ளே போகும். சில துரு மேலே படிந்து, அடியில் உள்ள இரும்பைக் காக்கும். முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்ற முடியும் என்பதுதான் விஷயம்.

நம் ஊரில் அதற்குக் கடுக்காய் இருக்கிறது. கடுக்காயில் டானின் மிகுதி. இரும்போடு சேர்ந்தால் அது கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இந்த வினையை வைத்துத்தான். காளஹஸ்தியில் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்து, அந்தச் சாற்றைக் கடுக்காயில் நனைத்த துணியில் எழுதுவார்கள். கோடு இழுத்த இடம் கறுப்பாகிவிடும். அங்கே வெல்லத் தண்ணீர் இரும்பைக் கரைக்கிறது. மேல்நாட்டில் பழைய வண்டி புதுப்பிப்பவர்கள் ஒரு பங்கு மொலாசஸுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, துருப்பிடித்த சாமான்களை அதில் வாரக் கணக்கில் ஊறப்போடுகிறார்கள். அதுவும் ஏறக்குறைய இதே போன்றதுதான். காளஹஸ்திக்காரர்களுக்கு இது பரம்பரைத் தொழில்.

துருவை மாற்றக் கடுக்காய் இருப்பதால், உன் வண்டியின் ஸ்டாண்டு, டூல் பாக்ஸ், மட்கார்டு தாங்கி போன்றவற்றை எமரித் தாள் போட்டு வெள்ளையாகத் தேய்க்காதே. உதிர்கிற துருவை மட்டும் கம்பி பிரஷ்ஷால் தட்டு. கடுக்காய்த் தோலை இடித்து வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி அந்தச் சாற்றைப் பூசு. செம்பழுப்பு நிறம் கண்ணெதிரே நீலக்கறுப்பாக மாறும். காய்ந்ததும் இன்னொரு பூச்சு கொடுத்து, அதன்மேல் பெயின்ட் அடி. கடையில் ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ என்று விற்பவற்றிலும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம்தான் இருக்கும்.

சிலிண்டருக்குள் மட்டும் கடுக்காய் ஆகாது. அங்கே நமக்குத் துரு மாறினால் போதாது, போக வேண்டும்.

சிலிண்டருக்கு வழி இதுதான். பிஸ்டனுக்கு மேலே இருக்கும் தூளைத் துடைத்து எடுத்துவிட்டு, விளிம்பைச் சுற்றி எண்ணெய் விடு. டீசல் போதும். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கார் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலையும் சரிபாதியாகக் குலுக்கி விடுவதும் உண்டு. எந்த எண்ணெயும் துருவைக் கரைக்காது. துருவில் இருக்கும் நுண்ணிய இடுக்குகளில் ஊர்ந்து இறங்கி அதன் பிடியைத் தளர்த்துவதுதான் எண்ணெயின் வேலை. ஆகவே எந்த எண்ணெய் என்பது பெரிய விஷயமில்லை, எத்தனை நாள் என்பதுதான் விஷயம். வற்ற வற்ற விட்டுக்கொண்டே இரு.

எண்ணெய் ஊறிய பிறகு சூடு. இங்கேதான் பட்டறைக்காரர்களும் தவறிவிடுகிறார்கள். பிளோ லாம்ப்பை நேராகப் பிஸ்டன் தலையில் காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார். உன் புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., அதுதான் 346 சி.சி. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். வார்ப்பிரும்பு சுமார் 11 மைக்ரான். இரண்டையும் 100 டிகிரி சூடாக்கினால் பிஸ்டன் 0.16 மி.மீ. பெருக்கும், சிலிண்டர் 0.08 மி.மீ.க்கும் குறைவாகத்தான் பெருக்கும். அதாவது சூடாக்கச் சூடாக்கப் பிடி இறுகும். பிஸ்டனை மட்டும் சூடாக்கினால் இன்னும் மோசம். சூடு பிளாக்குக்கு மட்டும், வெளியிலிருந்து போக வேண்டும். ஹாட் ஏர் கன் நல்லது. எண்ணெயும் அசிட்டோனும் இருக்கிற இடத்தில் நெருப்பைக் கொண்டுவராதே. அசிட்டோன் ஊற்றியிருந்தால் அது முழுக்க ஆவியாகிப் போன பிறகு, வெட்டவெளியில், டேங்கைக் கழற்றித் தூர வைத்துவிட்டுத்தான் ஹாட் ஏர் கன்னையே எடுக்க வேண்டும். பிஸ்டன் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் வை. பிளாக் விரியும், பிஸ்டன் விரியாது. பிறகு ஆறவிடு. ஆறும்போது எண்ணெய் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுபடும். சூடு, ஆறல், எண்ணெய் என்று மாற்றி மாற்றிச் செய்.

அதன்பிறகு பிஸ்டன் விட்டத்துக்குச் சற்றே சிறியதாகத் தேக்குக் கட்டை ஒன்றைக் கடைந்து பிஸ்டன் தலையில் வைத்து, மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டு. இரும்புச் சுத்தியல் கூடாது. எண்ணெய் உள்ளே இறங்க அந்த அதிர்வு உதவும், அவ்வளவுதான். கிராங்கை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஆட்டிப் பார். முதலில் தலைமுடி அளவு அசையும். அசைந்த பக்கமே தள்ளிக்கொண்டு போகாதே, திரும்ப வா, எண்ணெய் விடு, மறுபடி போ.

பிஸ்டன் அசைந்ததும் உனக்கு ஆசை வரும். பெட்ரோல் ஊற்றி ஒரு கிக் அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். ஜாம் விட்டதாலேயே எஞ்சின் ஓடத் தயார் என்று ஆகிவிடாது. முழுக்கப் பிரித்தாக வேண்டும்.

பிளாக் தனியே வந்ததும் மின்பகுப்பில் துருவை எடுக்கலாம். வாளித் தண்ணீரில் சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பழைய இரும்புத் தகடு ஒன்று. பிளாக்குக்கு நெகட்டிவ், தகட்டுக்குப் பாசிட்டிவ். தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது, குரோமியம் நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். அலுமினியம் எதையும் அந்த வாளியில் போடாதே, சோடா அதை அரித்துவிடும். ஹைட்ரஜன் வரும், அறைக்குள் செய்யாதே. எடுத்ததும் கழுவித் துடைத்துச் சூடாக்கி எண்ணெய் பூசிவிடு. ஒரு மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி துரு ஏறும்.

பிறகு சிலிண்டர் சுவரைப் பார். துரு கடித்த இடத்தில் குழிகள் இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் தீர்ப்பு. ரிங் வந்துபோகும் எல்லைக்குக் கீழே என்றால் கவலையில்லை. மேல் பாதியில், வெடிப்பின் அழுத்தம் விழும் இடத்தில் என்றால் போரிங் செய்தே தீர வேண்டும். கடைசி ஓவர்சைஸும் தாண்டியிருந்தால் ஸ்லீவ். போரிங்குக்குக் கொடுக்குமுன் பிஸ்டனை வாங்கிவிடு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். லேத்காரர் கையில் பிஸ்டனையும் சேர்த்துக் கொடு. டப்பாவில் அச்சிட்ட எண்ணை நம்பி அவர் போர் போட்டால், நீ கூடவே நின்று தடுக்க வேண்டும். ரிங் இடைவெளிக்கு, 25 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. உனக்குக் கிட்டத்தட்ட 0.28 வரும். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து ஃபீலர் கேஜால் பார்.

கீழே கிராங்க்கில் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேல் கீழாக ஆடவே கூடாது. பழைய புல்லட்டில் அங்கே இருப்பது மிதக்கும் புஷ். ஆயில் குறைந்தால் முதலில் போவது அதுதான். அதை மாற்ற வேண்டியிருந்தால் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, மறுபடி பூட்டி, டயல் கேஜில் நேராக்க வேண்டும். அது வீட்டில் ஆகிற வேலை இல்லை, தெரிந்தவரிடம் கொடு. ஆயில் வழிகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டுக் காற்றடி. தார் மாதிரிக் கசடு வரும்.

வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்று உன் அப்பா கேட்கிறாராமே. கோவை ஜி.டி. நாயுடு, ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் படித்தார் என்று அப்பாவிடம் சொல். உன் வண்டிக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. 1956-இல் திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கிய இந்தப் புல்லட், இங்கிலாந்தில் அதைச் செய்துவந்த ரெட்டிச் தொழிற்சாலை மூடிய பிறகும் இங்கே வெகுகாலம் தயாராகிக்கொண்டிருந்தது. அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

அடுத்த கடிதத்தில் எனக்கு அளவுகள் வேண்டும். போர் கேஜ் இரவல் வாங்கிக்கொள். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், முன்பின்னாக ஒன்று, இடவலமாக ஒன்று என்று ஆறு அளவு எடு. பிஸ்டன் நின்றிருந்த இடம் பிளாக்கின் மேல்விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. என்றும், குழிகள் எந்தப் பக்கம் அதிகம் என்றும் சேர்த்து எழுது. போரிங்கா, ஸ்லீவா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கிக்கரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்