ஒட்டுத்துணிப் போர்வையும் ஒரு கூட்டுறவுச் சங்கமும்

தையலில் மிஞ்சிய துண்டுகளையும், உடுத்துத் தேய்ந்த ஆடைகளில் இன்னும் உரம் குன்றாத பகுதிகளையும் சேர்த்துப் போர்வையாக்கும் வேலை, உலகின் பல நாடுகளில் பெண்கள் கையில் வளர்ந்த ஒன்றாகும். நம் வீடுகளிலும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பதுண்டு. அமெரிக்காவில் இவ்விதப் போர்வைக்குக் குவில்ட் என்று பெயர். துண்டுகளை இணைத்துச் செய்த மேல்துணி ஒன்று, கெட்டியான அடித்துணி ஒன்று, இரண்டுக்கும் நடுவே தட்டிப் பரப்பிய பஞ்சு. இம்மூன்றையும் ஊடுருவி நெருக்கமாக நூலோட்டிவிட்டால் பஞ்சு நகராது, குளிரும் உட்புகாது. செய்முறை இவ்வளவே. ஆயினும் இவ்வளவில் அடங்கிய ஒரு தொழிலிலிருந்து, பருத்தி பயிரிடும் ஒரு சிற்றூரின் பெண்கள் வளர்த்த கலையும், அவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் பட்ட அனுபவமும், நெசவாளரும் விவசாயிகளுமாகிய நம் அங்கத்தினர்கள் கருத்தூன்றிப் படிக்கத் தக்கவை.

அவ்வூரின் பெயர் ஜீஸ் பெண்ட். அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் என்னும் மாவட்டத்தில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் ஒரு திருப்பத்தில் அமைந்தது. அரசாங்கக் குறிப்புகளில் பாய்கின் என்றும் வழங்கும். 1845-ம் ஆண்டில் மார்க் பெட்வே என்னும் தோட்ட முதலாளி இவ்விடத்தை வாங்கி, வட கரோலினாவிலிருந்து சுமார் நூறு கறுப்பின அடிமைகளை நடத்தியே இங்குக் கொண்டுவந்தார். அடிமைமுறை ஒழிந்த பின்னரும் அவர்கள் சந்ததியார் அதே நிலத்தில் வாரக் குடிகளாகப் பருத்தி பயிரிட்டனர். முதலாளியின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டதால், இன்றும் அவ்வூரில் பெட்வே என்ற பெயருடையோர் மிகப் பலர்.

கடனைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்ததும், 1932-ம் ஆண்டில் அவருடைய வாரிசுகள் பாக்கிக்காக ஊரையே துடைத்துச் சென்றனர். ஏர், மாடு, கோழி, விதை, சேமித்து வைத்த தானியம் யாவும் போயின. அடுத்து வந்த குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு கழித்தார்கள். 1937-ம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கம் அந்நிலங்களை வாங்கிக் குடும்பங்களுக்குப் பிரித்துக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக அளித்தது. கூட்டுறவுக் கடையும் பஞ்சு அரவை ஆலையும் ஏற்பட்டன. நிலம் சொந்தமானதால்தான் ஊர் கலையவில்லை. ஊர் கலையாததால்தான் தாயிடமிருந்து மகளுக்கு வந்த தையலும் கலையவில்லை என்பது என் எண்ணம்.

இனி வேலையின் நுட்பத்துக்கு வருவோம். கடைத்துணி வாங்கும் வசதி அன்று எவருக்கும் இல்லை. வயலில் அணிந்து முழங்காலில் கிழிந்த கால்சட்டைகள், சட்டைகள், மாவு மூட்டையின் துணி, உரச் சாக்கு ஆகியவையே மூலப்பொருள். சாக்கு வாயைத் தைத்திருந்த நூலையும் பிரித்துச் சுற்றி வைத்துக்கொள்வார்கள். அரவை ஆலைத் தரையில் சிந்திய பஞ்சைக் கூட்டியெடுத்துக் கோலால் அடித்துத் தூசி போக்கி உள்ளே பரப்புவார்கள். பலர் கத்தரிக்கோலை அதிகம் நாடாமல் துணியைக் கையாலேயே கிழித்துப் பட்டைகளாக்குவர். நெசவறிந்தவருக்கு இதன் காரணம் உடனே விளங்கும்: கிழியும் துணி இழையோட்டத்தின் வழியே நேராகக் கிழியும்.

அவர்கள் மிகுதியாகக் கையாளும் மாதிரிக்கு ஹவுஸ்டாப், அதாவது வீட்டுக் கூரை, என்று பெயர். நடுவில் சிறு சதுரத் துண்டு ஒன்றை வைத்து, அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையைத் தைப்பார்கள். பின் அடுத்த பக்கத்தில் ஒன்று; இவ்வாறு சுற்றிச் சுற்றிப் பட்டைகளைச் சேர்க்கச் சேர்க்கச் சதுரத்தைச் சதுரம் சூழ்ந்து வளரும். பட்டைகளின் அகலம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நீலம் தீர்ந்துவிட்டால் அந்த வரிசையைப் பழுப்பில் முடிக்கலாம். முடிக்கும்போது கண் அங்கே ஒரு கணம் நின்று செல்லும். அந்த நிறுத்தம் அழகாக அமைந்ததா என்று தைப்பவள் தள்ளி நின்று பார்த்து, இல்லையென்றால் பிரித்து மாற்றுவாள். செங்கல் அடுக்குப் போன்ற பிரிக்லேயர் என்பது மற்றொரு மாதிரி. நீண்ட பட்டைகளை நெடுக்காக இணைத்துவிடும் எளிய முறைக்கு ‘சோம்பேறிப் பெண்’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். எந்த மாதிரிக்கும் அடங்காமல் ஒருத்தி தன் மனம்போல் தைத்ததை ‘என் வழி’ என்பார்கள். மாதிரியை முதலில் கற்க வேண்டும், கற்ற பிறகு தன் வழியில் போகலாம் என்பது அவர்களிடையே வழங்கும் முறை.

அவ்வூர்ப் போர்வைகளுள் ஒன்றைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். மிஸ்ஸூரி பெட்வே என்பவர், கணவர் இறந்தபின், 1942-ம் ஆண்டில் அவருடைய வயல்வேலை ஆடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைவில் வைக்கவும், அதனடியில் படுத்து அவர் அன்பை உணரவுமே அதைத் தைத்ததாக மகள் ஆர்லோன்ஸியா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வெயிலில் வெளுத்த நீலமும், சாயம் போகாத மடிப்புப் பகுதிகளும் அதில் அருகருகே இருக்கின்றன. எந்தச் சாயப்பட்டறையிலும் அந்நிறங்களைப் பெற முடியாது.

நிற்க. இவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எவ்வாறு கற்றனர் என்பதே நமக்கு முக்கியமான பகுதி. மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாகவே இணைப்பாள். அதில் பிறர் கைவைப்பதில்லை. நூலோட்டும் வேலைக்கு மட்டும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, இருபுறமும் அமர்ந்து, பக்திப் பாடல்களைப் பாடியவாறே தைப்பார்கள். ஆகவே ஒருத்தி எண்ணிச் செய்த வடிவத்தின்மேல் நாலைந்து பேர் கண்ணும் கையும் பல மணி நேரம் ஊர்ந்து செல்கின்றன. இதைவிட நெருக்கமாக இன்னொருவர் வேலையைப் படிக்க வழி ஏது?

இரண்டாவது பள்ளிக்கூடம் துணி உலர்த்தும் கொடி. குளிர் கழிந்ததும் போர்வைகளை வெளியே கொண்டுவந்து காற்றாட விடுவது வழக்கம். அந்நாட்களில் பெண்கள் வீடு வீடாக நடந்து, யார் என்ன தைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவருவார்கள். பார்த்ததை அப்படியே நகல் எடுப்பது அரிது. அவளிடம் இருந்த சிவப்புத் துணி இவளிடம் இராது. இவள் பெட்டியில் உள்ள துண்டுகளுக்கேற்ப அந்த எண்ணம் வேறு உருக்கொள்ளும். மேரி லீ பெண்டால்ஃப் என்னும் புகழ்பெற்ற கைவினையாளர், வழியில் தென்படும் வீடுகளையும் கொட்டகைகளையும் பார்த்தே தமக்கு வடிவங்கள் தோன்றுவதாகக் கூறியுள்ளார்.

சங்கம் பிறந்ததும் கொடியில் தொங்கிய போர்வைகளாலேயே. கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் போராடிய காலம் அது. 1962-ம் ஆண்டில் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நின்றுபோனது. எதிர்க்கரையிலுள்ள காம்டன் நகருக்குச் செல்ல ஏறக்குறைய நாற்பது மைல் சுற்ற வேண்டியதாயிற்று. படகு மறுபடி ஓடியது 2006-ம் ஆண்டில்தான். பெயர் பதிந்த குற்றத்துக்காகப் பலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர். பிரான்ஸிஸ் வால்ட்டர் என்னும் பாதிரியார் 1965-ம் ஆண்டு டிசம்பரில் அம்மாவட்டத்தின் வழியே சென்றபோது, ஒரு வீட்டுக் கொடியில் போர்வைகளைக் கண்டு, இவற்றை நியூயார்க்கில் ஏலமிட்டால் என்ன என்று யோசித்தார். போர்வை ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கத் தொடங்கினார். 1966-ம் ஆண்டு மார்ச் 26-ம் தேதி அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் காம்டனில் ஒரு தேவாலயத்தில் கூடி, ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற பெயரில் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். அதைப் பல்லாண்டுகள் திறம்பட நடத்தியவர் எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார். சங்கம் நிலம் வாங்கியது; 1969-ம் ஆண்டில் தையற்கூடம் கட்டியது; வாக்குரிமை கேட்டதற்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குத் தன் நிலத்தில் மனைகளும் கொடுத்தது. கூட்டுறவுத் துறையில் ஊழியம் செய்பவன் என்ற முறையில், இந்த வரவு எந்த லாபக் கணக்கிலும் ஏறாது என்பதை நான் அறிவேன். ஆயினும் அச்சங்கத்தின் முதல் லாபமாக இதையே கருதுகிறேன்.

சங்கடமும் உடன் வந்தது. நியூயார்க்கின் பெரிய கடைகள் ஆர்டர் கொடுத்தன. நூறு போர்வை வேண்டுமென்றால் நூறும் ஒரே அளவு, ஒரே வடிவம், குறித்த நிறம், சீரான தையலாக இருக்க வேண்டும் என்றன. கோணல் பட்டையும், பாதியில் மாறும் நிறமும் பழுதெனக் கழிக்கப்பட்டன. சில பெண்களுக்கு இது ஒத்துவந்தது. கூலி நிச்சயம் என்பதால் மகிழ்ந்தனர். வேறு சிலர் விலகி வீட்டிலேயே தம் போக்கில் தைத்தனர். 1972-ம் ஆண்டில் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் என்னும் வரிப்புடைப்புத் துணியில் தலையணை உறைகள் தைத்துத்தர ஒப்பந்தம் செய்தது. வடிவமைப்புக்கு அதில் இடமே இல்லை. ஆனால் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் அங்கத்தினர் வீடுகளுக்கும் அண்டை வீடுகளுக்கும் போயின. பச்சையும் பொன்னிறமும் துருச்சிவப்புமான அத்துண்டுகளைக் கொண்டு, ஒப்பந்தம் கேட்காத போர்வைகள் பல உருவாயின. ஆன்னி மே யங் என்பவர் 1976-ம் ஆண்டில், வெளுத்த வேலையாடைத் துணியின் நடுவே கார்டுராய் பட்டைகளைப் பளிச்சென்று வைத்துத் தைத்தது, இன்று அமெரிக்கக் கலை நூல்களில் இடம்பெறும் படைப்பு.

“எங்கள் சேலைக்கு இத்தனை முழம், அங்குலத்துக்கு இத்தனை இழை என்று அளந்து பார்ப்பவர் நீங்களே அல்லவா?” என்று நம் நெசவாள அங்கத்தினர் இவ்விடத்தில் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அளவும் உரமும் சாயமும் வாங்குபவருக்கு நாம் தரும் வாக்கு. அவற்றைத் தளர்த்த நான் சம்மதியேன். கரையின் கட்டும் முந்தியின் ஓட்டமும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. இரண்டையும் ஒரே கோலால் அளப்பது ஆர்டரின் வசதிக்காகச் செய்யப்படுவதே. உற்பத்தியில் பெரும்பகுதியை ஒரே வகையாக வைத்துச் சம்பளத்தை உறுதிசெய்து, சிறுபகுதியை ‘என் வழி’க்கு விட்டுவைப்பது சங்கங்களால் தாங்கக் கூடியதே என்பது என் அபிப்பிராயம். ஜீஸ் பெண்டில் அந்தச் சிறுபகுதி சங்கத்துக்கு வெளியே வளர்ந்தது. வெளியே வளர்ந்ததால் அதன் மதிப்பு உயர்ந்தபோது சங்கத்தின் பாதுகாப்பு அதற்குக் கிட்டவில்லை.

மதிப்பு உண்மையிலேயே உயர்ந்தது. 2002-ம் ஆண்டில் ஹூஸ்டன் நகர நுண்கலைக் காட்சிசாலையிலும், அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி காட்சிசாலையிலும் இப்போர்வைகள் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006-ம் ஆண்டில் அஞ்சல் துறை பத்துப் போர்வைகளின் வடிவங்களைத் தபால் தலைகளாக வெளியிட்டது. கம்பளத்திலும் பிற வீட்டுப் பொருள்களிலும் அவ்வடிவங்கள் அச்சாகி விற்பனைக்கு வந்தன. தைத்த பெண்களுக்கு இதில் என்ன பங்கு என்ற கேள்வி 2007-ம் ஆண்டில் நீதிமன்றம் வரை சென்று, 2008-ல் சமரசத்தில் முடிந்தது. போர்வையை விற்பது ஒன்று, அதன் வடிவத்தை அச்சிடும் உரிமையைக் கொடுப்பது வேறொன்று. முன்னதற்கு ரசீது போதும், பின்னதற்கு எழுத்துமூலமான ஒப்பந்தமும் தொடர் பங்கும் தேவை. 2024-ம் ஆண்டிலும், இவர்களுள் ஐவரின் வடிவங்களைத் தழுவிச் சரக்கு விற்ற ஒரு பெருவணிக நிறுவனம், விற்பனையில் பங்கு தராமல் ஒரே தொகையாகக் கொடுத்துக் கணக்கை முடித்தது. பெரிய நிறுவனத்தோடு தனித்தனியே பேரம் பேசும் கைவினையாளர் நிலை இதுவே.

நம் சங்கங்களின் இருப்புப் புத்தகத்தில் ரகம், நீளம், எண்ணிக்கை, விலை ஆகியவற்றுக்குப் பத்திகள் உண்டு. புதிய கரையையோ கட்டத்தையோ முதலில் நெய்தவர் யார் என்பதற்குப் பத்தி இல்லை. நிர்வாகக் கமிட்டியார் தீர்மானம் செய்து அதைச் சேர்ப்பதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது. பெயரும் தேதியும் மாதிரித் துண்டும் இருந்தால், நாளை ஒருவர் அந்த வடிவத்தைக் கேட்டு வரும்போது யாருடன் பேசுவது, எவ்வளவு கேட்பது என்பதற்கு ஆதாரம் கிடைக்கும். ஆண்டுக்கொரு நாள் அங்கத்தினர்கள் தாம் நெய்தவற்றைச் சங்கக் கட்டிடத்தில் தொங்கவிட்டு, விற்பனைப் பேச்சின்றி ஒருவர் வேலையை ஒருவர் பார்ப்பதும் செலவில்லாத காரியம். சேலை நெய்பவர் ஒரு துண்டின் கரையிலிருந்தும், துண்டு நெய்பவர் ஒரு ஜமக்காளத்தின் பட்டையிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

அந்தப் பழைய சங்கம் 2012-ம் ஆண்டில் மூடப்பட்டது. ஆர்டர்கள் குறைந்தன, அங்கத்தினர்களுக்கும் வயதாகிவிட்டது. 2003-ம் ஆண்டிலேயே ஜீஸ் பெண்டின் பெண்கள் தம் போர்வைகளைத் தாமே விற்க வேறோர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டனர். மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லோரெட்டா பெட்வே ஆகிய மூவருக்கும் 2015-ம் ஆண்டில் மரபுக் கலைகளுக்கான தேசிய விருது கிடைத்தது. 2022-ம் ஆண்டு அக்டோபரில், போர்வைகளைக் காற்றாட விடும் பழைய வழக்கத்தை ஊர்த் திருவிழாவாகவே நடத்தத் தொடங்கினார்கள். அன்று வீட்டு முகப்புகளிலும் கொடிகளிலும் வேலிகளிலும் போர்வைகள் தொங்குகின்றன. எங்கெங்கிருந்தோ தையல் அறிந்த பெண்கள் வந்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று, பட்டை எங்கே திரும்புகிறது, நிறம் எங்கே மாறுகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்துச் செல்கின்றனர்.