தொடர்கதை கேட்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

கொல்லிமலையில் மிளகுக் கொடியடியில் நின்றுகொண்டு கதை கேட்கிற கிழவன் நான். மிளகு பறிக்கும்போது கைக்கு வேலை இருக்கும், காது சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கிற காதுக்குத்தான் தொடர்கதை. போன மாதம் பேத்தி தன் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "தாத்தா, காசு குடுக்காமக் கேக்குற மாதிரி நல்ல தொடர்கதையாச் சொல்லுங்க, இவங்க இதுவரைக்கும் கேட்டதே இல்ல" என்றாள். திண்ணையில் உட்கார்ந்து அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

1. முதலில் குரலைத் தேடுங்கள், கதை அப்புறம். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஒன்றையே இணையத்தில் எத்தனையோ பேர் வாசித்திருக்கிறார்கள். எதை எடுப்பது? எனக்கு ஒரு சோதனை உண்டு. 'பழுவேட்டரையர்' என்ற பெயர் வருகிற இடம் வரைக்கும் கேட்பேன். அங்கே 'பலுவேட்டரையர்' என்று காதில் விழுந்தால் அத்தோடு நிறுத்திவிடுவேன். அந்த மனிதர் கதை முழுக்க வருகிறவர். அத்தனை முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க என்னால் ஆகாது. இன்னொன்று, ஆளுக்கொரு குரலில் நடித்துக் காட்டுகிறவர்கள் முதல் நாள் இனிப்பார்கள், பத்தாம் நாள் திகட்டிவிடுவார்கள். நிதானமாக, தனக்கே படித்துக்கொள்வது போல வாசிக்கிற குரல்தான் மாதக்கணக்கில் தாங்கும்.

2. ஆரம்பிப்பதற்குப் 'பொன்னியின் செல்வன்' போதும். 'எல்லாரும் சொல்றதுதானே' என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த கதை அது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். அடுத்த வாரம் வாசகர் கடைக்கு வந்தாக வேண்டுமே என்ற கவலையோடு எழுதியதால், ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசியிலும் கல்கி ஒரு கொக்கி போட்டு வைத்திருப்பார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஆக, அது பிறந்ததிலிருந்தே பாதி காதுக்கான கதைதான். மணிரத்னத்தின் படங்களைப் பார்த்துவிட்டோம் என்கிறீர்களா? 2022-இல் ஒன்று, 2023-இல் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஐந்தரை மணி நேரம். 293 அத்தியாயத்தில் பெரும்பகுதி உங்களுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.

எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி. கதை ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அதே ஆடி 18-இல்தான் இங்கே செம்மேட்டில், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா. கூட்டத்தில் ராட்டினத்துக்குக் காத்து நிற்கும்போது முதல் அத்தியாயத்தைப் போட்டுப் பாருங்கள். கதாநாயகன் வந்தியத்தேவன் உங்கள் கூடவே நிற்பான்.

என் மருமகன் சண்டைக்கு வருவார்: அவ்வளவு நீளம் வேண்டாம், கல்கியின் 'பார்த்திபன் கனவு' சின்னது, அதில் தொடங்கட்டும் என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

3. எப்படி இலவசம் என்று கேளுங்கள். சிலர் மனமுவந்து தருகிறார்கள். 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பதிப்புரிமை முடிந்த புத்தகங்களை வாசித்துப் பொதுவில் வைக்கிறார்கள். தமிழ்ப் பதிவுகளும் உண்டு. தீபிகா அருண் 'கதை ஓசை' என்ற பெயரில் கல்கியின் நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துத் தந்திருக்கிறார். பவா செல்லதுரை கதையைப் படிப்பதில்லை, தன் வார்த்தையில் சொல்கிறார். அது தொடர்கதை ஆகாது, ஆனால் ஒரே உட்காரலில் முடிகிற கதை வேண்டுமென்றால் அவரிடம் போகலாம்.

வேறொரு இலவசமும் உண்டு. சில செயலிகளில் முதல் பத்துப் பதினைந்து பகுதி சும்மா வரும். கதாநாயகி கிணற்றில் விழப்போகிற நேரத்தில் பூட்டு விழும், 'நாணயம் வாங்கு' என்று கேட்கும். போன வருஷம் எனக்கும் அப்படி ஒன்று நேர்ந்தது. விளம்பரம் பார்த்துப் பார்த்து மூன்று பூட்டுத் திறந்தேன். நான்காவதில், அவள் விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வகை திருட்டு. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பின்னும் 60 வருஷம் பதிப்புரிமை இருக்கும். கல்கி 1954 டிசம்பரில் போனார். 2014 முடிந்ததோடு அந்தக் கெடுவும் முடிந்தது. அவரை யாரும் வாசிக்கலாம். உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் நாவலைக் கேட்காமல் வாசித்து ஏற்றியிருந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

4. சிக்னல் இருக்கிற இடத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவில் கதை அறுந்துபோய், அதில் வருகிற நந்தினி வாயைத் திறந்தபடி நின்றுவிடுவாள். பஸ் ஏறுவதற்கு முன்பே இரண்டு அத்தியாயம் போனில் இருக்கட்டும். மேலே வந்து சேர்வதற்குச் சரியாக இருக்கும். வாந்தி வருகிற நினைப்பும் வராது.

5. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், மிஞ்சினால் இரண்டு. இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். ராத்திரி முழுக்கக் கேட்டு ஒரே வாரத்தில் முடிக்கலாமே என்றாள் ஒருத்தி. முடிக்கலாம் கண்ணு. ஆனால் தொடர்கதையில் பாதி, கேட்காத நேரத்தில்தான் நடக்கிறது.

கீழே கொங்குச் சீமையில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல ராத்திரி சொல்வார்கள். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1965-இல் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உட்கார்ந்து, ஒரு கதைப்பாடகர் இரவு இரவாகச் சொன்னதை டேப்பில் பிடித்தார். உடுக்கை நின்றால் அன்றைய கதை நின்றது. 'அடுத்தது' என்று அமுக்கப் பொத்தான் இல்லை. மறுநாள் பகலெல்லாம் களை வெட்டுகிற இடத்தில் அதே பேச்சுதான் ஓடும்.

எனக்கு அந்த ருசி தெரிந்தது இலங்கை வானொலியில். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' வரும் நாளில் எங்கள் ஊரில் ரேடியோ இருந்த ஒரே வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். பேட்டரி தீர்ந்துபோனால் வெளியே எடுத்து வெயிலில் காய வைப்போம். கொஞ்சம் உயிர் வரும். ஒரு முறை மழைமூட்டம், வெயிலே இல்லை, அந்த வாரக் கதை போயே போயிற்று. சோளக்காட்டுச் சந்தைக்குப் போய் வந்த அத்தை ஒருத்தி, வேறெங்கோ கேட்டதாகச் சொல்லி அந்தப் பகுதியை நடித்தே காட்டினாள். அவள் உண்மையில் கேட்டாளா, இட்டுக்கட்டினாளா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஆனால் அந்த வாரம்தான் நன்றாக நினைவிருக்கிறது.

6. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடாதீர்கள். அதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

7. நடந்துகொண்டே கேட்டால் ஒரு காதைத் திறந்து வையுங்கள். வளைவில் வருகிற லாரி ஹாரன் அடிக்கும்; சோழ நாட்டில் இருக்கிறவர்களுக்கு அது கேட்காது.

8. நாலு அத்தியாயம் கேட்டும் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். காசா கொடுத்தோம்?

9. உங்களுக்குப் பிடித்ததை அடுத்தவருக்குச் சொல்லும்போது பட்டியல் கொடுக்காதீர்கள். பத்துப் பெயர் கொடுத்தால் ஒன்றைக்கூடத் தொடமாட்டார்கள். ஒரே ஒரு கதை, அதில் எந்தக் குரல் என்று சொல்லி, முதல் அத்தியாயத்தைக் கூடவே உட்கார்ந்து கேளுங்கள்.

10. வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால், ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போடுங்கள். சாமை புடைத்துக்கொண்டே கேட்பாள். நடுவில் எழுந்து போகவேண்டி வந்தால் கதையை நிறுத்தி வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பி வரும்வரை அவள் காத்திருப்பாள்.