கேபினட்டுக்கு ஸ்பிரே பெயின்ட்: எதை வாங்குவது?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் அதன் நிறத்தை மாற்றிப் பார்க்கப் பலருக்கும் ஆசை வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கோ வேறு காரணம். வெயில் பட்ட பழைய வெள்ளை கேபினட் மஞ்சளாகிப் போயிருக்கும். கடையில் ஒரு ஸ்பிரே டின் வாங்கி அடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் இரும்பில் ஒட்டும் பெயின்ட் எல்லா பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. சில பெயின்ட்கள் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். எனவே கலரைத் தேர்வு செய்யும் முன், உங்களிடம் இருப்பது எந்த பிளாஸ்டிக் என்று பாருங்கள்.

கேபினட்டின் பக்கவாட்டுத் தகடுகள் பெரும்பாலும் இரும்பு. முன்பகுதி பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அதைக் கழற்றித் திருப்பினால், உள்பக்கத்தில் பிளாஸ்டிக்கின் பெயர் ஆங்கில எழுத்துக்களில் அச்சாகியிருக்கும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் அக்ரிலிக் ஸ்பிரே நன்றாகப் பிடிக்கும். பி.பி. அல்லது பி.இ. என்றிருந்தால் அதற்கென உள்ள ஒட்டுத்திறன் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். இல்லையேல் பெயின்ட் தோல் தோலாக உரிந்து வரும். டின்னின் மீது பிளாஸ்டிக்கிற்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெயின்ட் நீடித்து நிற்பதற்கு, விலையை விடச் சுத்தம்தான் முக்கியம். கை எண்ணெய் இருந்த இடத்தில் எந்த பெயின்ட்டும் நிற்காது. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, காயவைத்து, 400 அல்லது 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும்வரை லேசாகத் தேயுங்கள். தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ போட்டுத் துடைக்காதீர்கள். அவை ஏ.பி.எஸ்.ஸைக் கரைத்துவிடும்.

அடுத்து ஒரு சின்ன சோதனை. உள்பக்க மூலையில் கொஞ்சம் அடித்து ஒரு நாள் விடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன் மேல் செலோடேப்பை ஒட்டி வேகமாக இழுங்கள். டேப்பில் பெயின்ட் வந்தால் அந்த டின் உங்கள் கேபினட்டுக்கு ஆகாது. பிளாஸ்டிக் சுருங்கினாலும், பிசுபிசுத்தாலும் அப்படியே.

சோதனையில் தேறினால் முன்பகுதியைத் தனியே வைத்து, 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் இருந்து மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை அடியுங்கள். சுவிட்ச், வயர், விளக்கு எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். போர்டு உள்ளே இருக்கும்போது அடிக்கவே கூடாது. மழை நாளில் வேண்டாம். ஈரக் காற்றில் லேக்கர் வெளுத்துவிடும். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது போலத் தெரியும். ஆனால் நகம் பட்டால் பதியாத அளவுக்கு இறுக ஒரு வாரம் ஆகலாம். அவசரப்பட்டுப் பொருத்துபவர்களின் கேபினட்டில்தான் விரல் ரேகைகள் நிரந்தரமாக இருக்கும்!

ஹார்டனர் கலந்த கிளியர் கோட் மிக உறுதியானதுதான். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. வீட்டு வேலைக்கு இது வேண்டாம்.

வாரன்டி முடியாத கம்ப்யூட்டரா? மனம் மாறலாம் என்று தோன்றுகிறதா? அப்படியானால் பிளாஸ்டி டிப் போன்ற, உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சு பொருத்தம். இதில் சிக்கனம் கூடாது. நான்கைந்து பூச்சு அடித்தால்தான் பின்னாளில் ஒரே தாளாக உரியும். மெல்லியதாக அடித்தால் துண்டு துண்டாகக் கிழிந்து, நகத்தால் சுரண்ட வேண்டிவரும். ஓரத்து மாஸ்கிங் டேப்பைப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். இதையும் முதலில் மூலையில் அடித்துப் பார்ப்பது நல்லது.

மவுஸ், கீபோர்டு இரண்டுக்கும் எதையும் அடிக்காதீர்கள். நாள் முழுக்கக் கை உரசும் இடத்தில் பெயின்ட்டும் தேயும், ரப்பர் பூச்சும் உரியும். அங்கே வினைல் ஸ்டிக்கர் போதும். வை-ஃபை ரவுட்டருக்கு மெட்டாலிக் பெயின்ட் வேண்டாம். உலோகத் துகள் சிக்னலைக் குறைக்கலாம்.

டின்னில் உள்ள வாயு எளிதில் தீப்பற்றும். மொட்டை மாடியிலோ திறந்த வாசலிலோ அடியுங்கள். அடுப்பு, பூஜை விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது. காலி டின்னை வெயிலில் போடாதீர்கள், குத்தி ஓட்டை போடவும் கூடாது.