பாவித்த சேர்வர்: பெட்டியின் விலை வேறு, அதை வைத்திருக்கும் விலை வேறு

கணினியில் பில் அடிக்கும் கடைகள் கொடகவெலயில் இன்று புதினமல்ல. பலசரக்குக் கடையும் ஹார்ட்வெயாரும் உரக்கடையும் பாமசியும் கணினிக்கு மாறி ஆண்டுகள் ஆகிவிட்டன. பில் மட்டுமல்ல, கடன் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது. நமது பகுதியின் சிறுதேயிலைத் தோட்டக்காரர்கள் மாதம் முழுவதும் கொழுந்து கொடுத்துவிட்டு, தொழிற்சாலைப் பணம் கைக்கு வந்த பிறகே கடைக் கணக்கைத் தீர்ப்பார்கள். மாத நடுவில் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால், யார் எவ்வளவு தரவேண்டும் என்று சொல்ல முதலாளியிடம் ஞாபகசக்தியைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

இந்தப் பயத்தினால்தான் அண்மைக் காலமாகப் பல வர்த்தகச் சகோதரர்கள் பாவித்த சேர்வர்களைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். கடைக்குப் பின்னால் உள்ள என் வீட்டு அறையில் அப்படியொன்று ஓடிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பெரிய நிறுவனங்களும் வங்கிகளும் உத்தரவாதக் காலம் முடிந்ததும், பொதுவாக நான்கைந்து வருடங்களில், தமது சேர்வர்களை மாற்றிவிடுகின்றன. கழிக்கப்பட்டவை வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சந்தைக்கு வருகின்றன. 2012இல் வெளிவந்த டெல் பவர்எட்ஜ் ஆர் 720, அதே காலத்து எச்.பீ. புரோலயன்ட் டீ.எல். 380பி ஜென் 8 ஆகியவை இவ்வாறு அதிகம் கைமாறும் வகைகள். நினைவகத்தில் ஏற்படும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ராம், ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும் இரண்டு பவர் சப்ளைகள், இயங்கிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றக்கூடிய டிஸ்க்குகள் என்பன இவற்றில் உண்டு. சாதாரணக் கணினியில் இவை கிடைப்பதில்லை.

முதலில் மின்சாரக் கணக்கு

ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் என் அறைக்கு வந்து பெட்டியின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, 750 வாட் என்று ரெண்டு போட்டிருக்கே, வீட்டு வயர் தாங்குமா?" என்று கேட்டார். அது பவர் சப்ளையால் தரக்கூடிய உச்ச அளவு, எந்நேரமும் இழுக்கும் அளவல்ல. இரண்டு புரொசசர்களும் சில டிஸ்க்குகளும் உள்ள இத்தகைய சேர்வர் சும்மா இருக்கும்போது சுமார் 100 முதல் 150 வாட் வரை எடுக்கும். 120 வாட் என்று வைத்துக்கொண்டால் 24 மணித்தியாலம், 30 நாட்களுக்கு 86 யூனிட். நமது நாட்டின் வீட்டு மின்கட்டணம் யூனிட் கூடக்கூட விலையும் கூடும் படிமுறையில் அமைந்தது. ஏற்கெனவே மேற்படியில் இருக்கும் வீட்டில் இந்த 86 யூனிட்டும் உயர்ந்த விலையிலேயே சேரும். 15 வாட்டில் ஓடும் சிறிய கணினிக்கு மாதம் 11 யூனிட் போதும்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு கவுண்டர், இரண்டு கவுண்டர் உள்ள கடைக்குப் பில் போடுவதற்கென்று சேர்வர் வாங்குவது வீண்செலவு. நல்ல சிறிய கணினியும் இரண்டு வெளி டிஸ்க்குகளும் போதும். இரண்டு மூன்று கிளைகள் உள்ளவர், வீட்டில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை உள்ளவர், கடைக் கணினியைத் தொடாமல் பரீட்சித்துப் பார்க்க ஓர் இயந்திரம் தேவைப்படுபவர் ஆகியோருக்குத்தான் இது பொருந்தும். நான் மூன்றாவது வகை. தேவையான நேரத்தில் மட்டும் போட்டு வேலை முடிந்ததும் நிறுத்திவிடுகிறேன்.

கல்லைத் திருப்பிப் பார்க்காமல் விலை பேசுவதா?

இரத்தினபுரி மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. வெளிச்சத்தில் பிடிக்காமல் யாரும் கல்லுக்கு விலை சொல்வதில்லை. ஆனால் அதே மனிதர் சேர்வர் வாங்கும்போது வெளிப்பெட்டியின் பளபளப்பைப் பார்த்துக் காசை எண்ணிக் கொடுக்கிறார். கொழும்பில் ஒரு விற்பனையாளர் மூடியைத் திறக்க விடமாட்டேன் என்றார். நான் அத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

மூடியைத் திறந்ததும் பார்க்கவேண்டியது, காற்றை வழிநடத்தும் கறுப்பு பிளாஸ்டிக் மறைப்பு இருக்கிறதா என்பது. அது இல்லாவிட்டால் புரொசசர் சூடாகும், விசிறிகள் அலறும். டிஸ்க் செருகும் தட்டுகள் முழுமையாக உள்ளனவா என்றும் எண்ணிப் பாருங்கள். பின்னர் தனியே தேடினால் ஒவ்வொன்றுக்கும் காசு. நிறுவனத்தின் இரும்புத் தட்டில் பொருத்துவதற்கான தண்டவாளங்கள் நமக்குத் தேவையில்லை, அவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ராம் விடயத்தில்தான் பலர் அகப்படுகிறார்கள். ஆர் 720இல் 24 ராம் இடங்கள் உண்டு. அவற்றில் பாதி முதலாவது புரொசசருக்கும் மறுபாதி இரண்டாவதற்கும் உரியவை. ஒரே புரொசசர் உள்ள பெட்டியில் மறுபாதியில் போடும் ராம் வேலை செய்யாது. சில கார்ட் இடங்களும் அப்படியே. சாதாரணக் கணினியின் ராமை எடுத்து இதன் சேர்வர் ராமோடு கலந்து போடவும் முடியாது. வகை ஒன்றாக இருக்கவேண்டும். விற்பவர் "64 ஜீபீ" என்று சொன்னால், திரையில் அந்த 64 தெரிகிறதா என்று பார்த்த பின்னரே பேசுங்கள்.

இயக்கும்போது ஆரம்பத்தில் விசிறிகள் ஜெட் விமானம் போல இரையும். ஓரிரு நிமிடத்தில் அடங்கவேண்டும். அடங்கினாலும் படுக்கை அறையில் வைக்கத்தக்க சத்தமல்ல இது. வீட்டுக்காரியிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது!

டெல் பெட்டிகளில் ஐடிராக் என்றும் எச்.பீ.யில் ஐலோ என்றும் ஒரு தனிப் பகுதி உண்டு. சேர்வர் நிறுத்தப்பட்டிருந்தாலும் மின்சாரம் இருந்தால் அது விழித்திருக்கும். வெப்பநிலை, விசிறி வேகம், இழுக்கும் வாட் அளவு, முன்னர் ஏற்பட்ட பழுதுகளின் பதிவு யாவும் அதில் உள்ளன. வாகனத்தின் சேர்விஸ் புத்தகம் போன்றது. பழைய உரிமையாளரின் கடவுச்சொல் போட்டிருந்தால், ஆர் 720இல் தொடக்கத்தில் எஃப் 2 அழுத்தி ஐடிராக் அமைப்பை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரலாம். அதன்பின் நிறுவனம் இட்ட பொதுக் கடவுச்சொல் வரும். அது உலகமே அறிந்தது என்பதால் உடனே மாற்றிவிடவேண்டும். இந்தப் பகுதியை ஒருபோதும் இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள்.

இன்னொரு வித்தியாசமும் வாங்குமுன் தெரிந்திருக்கவேண்டும். டெல் சேர்வர்களின் அடிப்படை மென்பொருளைப் பெட்டியிலுள்ள இலக்கத்தைக் கொடுத்து இலவசமாக எடுக்கலாம். எச்.பீ. நிறுவனமோ 2014 பெப்ரவரியில், உத்தரவாதமோ ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கே பயோஸ் புதுப்பிப்பு என்று விதி கொண்டுவந்தது. ஜென் 8 காலத்துப் பெட்டிகளை வாங்குவோர், பயோஸ் ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

டிஸ்க்குகளைப் பெட்டியோடு வந்தவை என்று நம்பிவிடவேண்டாம். எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை இடங்கள் பழுதானவை எனக் குறிக்கப்பட்டுள்ளன என்பதை ஸ்மார்ட் பரிசோதனையில் வாசிக்கலாம். பெரிய சேமிப்பு அலுமாரிகளிலிருந்து கழற்றிய சில டிஸ்க்குகள் வழக்கமான 512 பைட்டுக்குப் பதிலாக 520 பைட் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சேர்வர் அதைக் காணும், ஆனால் பாவிக்க இயலாது. லினக்ஸில் எஸ்ஜி ஃபோர்மட் என்ற கட்டளையால் அதை 512க்கு மாற்றலாம். பல மணித்தியாலம் எடுக்கும், இடையில் மின்சாரம் போகக்கூடாது.

மின்சாரம் போவதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருளில் மூழ்கியது, எல்லாம் கண்டுவிட்டோம். எனவே யூபீஎஸ் கட்டாயம். அது மணிக்கணக்கில் தாங்கவேண்டியதில்லை. பத்து நிமிடம் தாங்கி, சேர்வரை ஒழுங்காக நிறுத்தும் சமிக்ஞையைக் கொடுத்தால் போதும். மலிவான சில யூபீஎஸ்கள் தரும் படிப்படியான மின்னலை இத்தகைய பவர் சப்ளைகளுக்கு ஒத்துவருவதில்லை. வாங்குமுன் பெட்டியோடு இணைத்துச் சோதியுங்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நமது பகுதியில் இடிமின்னல் அதிகம். நல்ல ஏர்த் இல்லாத வீட்டில் இதை வைக்கவேண்டாம். இடி முழங்கும் மாலைகளில் நான் மின்வயரோடு ரவுட்டர் வயரையும் கழற்றிவிடுகிறேன்.

மென்பொருள்

ஒரே பெட்டியில் பல கணினிகளை ஓடவிடும் மென்பொருளில் பலரும் விஎம்வேயாரையே கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் இலவசப் பதிப்பு 2024 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் வந்தது. இப்படி வந்துபோகும் இலவசத்தின் மேல் கடைக் கணக்கை வைப்பதை நான் விரும்பவில்லை. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ப்ரொக்ஸ்மொக்ஸைப் பாவிக்கிறேன். நிறுவியதும் அது சந்தாக்காரருக்கான இடத்தில் புதுப்பிப்பைத் தேடிப் பிழை காட்டும். சந்தா இல்லாதோருக்கான இடத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகும். களவு விண்டோஸ் மட்டும் வேண்டாம். உரிமம் இல்லாத மென்பொருளை உடைத்துத் தரும் கோப்புகளின் வழியாகவும் கப்பம் கேட்கும் வைரஸ்கள் உள்ளே வருகின்றன.

அந்த வைரஸ் என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2023 ஓகஸ்டில் நமது அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இல்லாமற்போயின. பாதிக்கப்பட்ட முகவரிகள் சுமார் 5,000. அங்கே சேர்வர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த மூன்று மாதத்துக்கும் வெளியே கழற்றி வைத்த பிரதிதான் இருக்கவில்லை. பாவித்திருந்த மின்னஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டிருந்தது. இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவை எழுதும் ரெய்ட் முறை இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். டிஸ்க் செத்தால் ரெய்ட் காப்பாற்றும். வைரஸோ, கைதவறிய ஊழியரோ அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும்.

என் வீட்டுச் சேர்வரின் பிரதான வேலை இங்கேதான். கடைக் கணினியின் பிரதி தினமும் இரவு வெளி டிஸ்க்குக்குப் போகிறது. டிஸ்க்குகள் இரண்டு, மாறிமாறிப் பாவிக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை கடை மூடியபின், அன்றைய டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்வரில் வெற்றுக் கணினி ஒன்றை உருவாக்கி அதில் மீட்டெடுக்கிறேன். பில் மென்பொருளைத் திறந்து மூன்று வாடிக்கையாளரின் கடன் நிலுவையை எடுத்து, கடையில் அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிடுகிறேன். எத்தனை நிமிடம் எடுத்தது என்று கொப்பியில் எழுதுகிறேன். மூன்றும் பொருந்தினால் அந்த டிஸ்க் பெல்மதுளையில் தங்கை வீட்டு அலுமாரிக்குப் போகும், அங்கிருக்கும் மற்றது கடைக்கு வரும்.