யேல் கலாசாலையும் சென்னைத் துணியும்

அமெரிக்க சரித்திரம் வாசிக்கும் மாணவர் யேல் சர்வகலாசாலையின் பெயரை அறியாதிரார். அப்பெயருக்குரிய எலிஹு யேல் பாஸ்டன் நகரிற் பிறந்து, 1687 முதல் 1692 வரை நமது சென்னைக் கோட்டையிற் கவர்னராயிருந்தவர். சொந்த வியாபாரத்தாற் பெருஞ்செல்வம் சேர்த்து, முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளாற் பதவியிழந்தார். 1718-ல் அவர் கனெக்டிகட்டிலிருந்த ஓர் எளிய கலாசாலைக்கு 417 புஸ்தகங்களும், முதலாம் ஜார்ஜ் அரசரின் படமும், ஒன்பது பொதி சரக்கும் அனுப்பினார். சரக்கு பாஸ்டனில் ஏறக்குறைய 562 பவுனுக்கு விலைபோயிற்று. கலாசாலை அவர் பெயரைத் தரித்துக்கொண்டது.

அவருடைய செல்வத்திற்கு ஊற்றாயிருந்தவை இக்கரையின் துணியும் வைரமுமே. கும்பெனியின் துணியை வெளுத்தோர் குடியிருந்த இடம் இன்றும் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த காலெட், திருவொற்றியூருக்கருகே நெசவாளரைக் குடியேற்றிய ஊரே காலடிப்பேட்டை. காலெட்பேட்டை அவ்வாறு மருவிற்று. அப்பெயரில் ஒருவர் காலடியும் இல்லை!

யேலின் நாட்களிற் கோட்டையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். அவரை வள்ளலென்றே நெடுங்காலம் போற்றிய சர்வகலாசாலை, அடிமைத்தனத்தோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக 2024-ல் மன்னிப்புக் கேட்டது. இங்கோ, பாலியத்தில் மாண்ட அவர் மகன் டேவிட்டின் கல்லறையை உயர்நீதிமன்ற வளாகத்தினின்று அகற்றவேண்டுமென வழக்கெழுந்து, 2023-ல் நீதிபதியொருவர் அவ்வாறே உத்தரவிட்டார். கல்லைப்பற்றி வாதம் நடந்த அளவிற் பத்திலொருபங்கேனும், அடிமைகளைப்பற்றி நமது வகுப்புகளில் நடந்ததில்லை.